காலையில் காரை ஓடவிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எப்படிச் சொல்வது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்) – டிசம்பர் 20, இரவு 9.15

வணக்கம். பத்து நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் மூன்றடிச் சந்து. அவர்கள் வீட்டில் கார் நிறுத்த இடமில்லை, அதனால் தெருவிலேயே நிற்கும். அதன் சைலன்சர் சரியாகச் சந்தின் வாயைப் பார்த்திருக்கும். அண்ணன் காலை 5.45-க்கு வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணுவார். பண்ணிவிட்டு உள்ளே போய்விடுவார். குளித்து, சாப்பிட்டு, டிபன் பாக்ஸோடு வெளியே வர 6.10 ஆகும், சில நாள் 6.15. நெய்வேலியில் வேலை. அதுவரை வண்டி ஆளில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சந்தைப் பார்த்த ஜன்னல் என் அம்மா படுக்கிற அறையின் ஜன்னல். அம்மாவுக்கு 71 வயது, வீசிங் உண்டு. ஜன்னலைச் சாத்தினாலும் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. பழைய மரச்சட்டம். அதில் அம்மா ஒரு நூல் புடவையைச் சுருட்டி அடைத்து வைக்கிறார். போன வாரம் ஒரு நாள் சீக்கிரம் விழித்துவிட்டேன். வெளியே செல்ஃப் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து, விளக்கைக்கூடப் போடாமல், இருட்டில் கையால் தடவி அந்தப் புடவையை இடுக்கில் அழுத்தி அழுத்தித் திணிக்கிறார். அப்புறம் வந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். என்னிடம் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அண்ணன் நல்ல மனிதர். 2011-ல் தானே புயல் அடித்தபோது எங்கள் வாசலை மாமரம் விழுந்து அடைத்துவிட்டது. அரிவாளோடு முதலில் வந்து நின்றவர் அவர்தான். கரண்ட் இல்லாத அத்தனை நாளும் அவர்கள் வீட்டு அடிபம்பில்தான் எங்களுக்குத் தண்ணீர். அவரிடம் போய்ப் புகார் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மாதம் முன்பு பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். "டீசல் வண்டி தம்பி, சூடாகாம எடுத்தா இன்ஜின் போயிடும்" என்றார். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் சொல்வது உண்மையா? உண்மை இல்லை என்றால் அதை எப்படி எடுத்துச் சொல்வது?

அரியாங்குப்பத்தான் – டிசம்பர் 20, இரவு 9.40

என்ன வண்டி, எந்த வருஷம்? அது தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

கெடிலக்கரை – டிசம்பர் 20, இரவு 9.52

2016 மாடல் டீசல் கார். டிஎன் 31 வண்டிதான், புதிதாக வாங்கியது.

ஸ்பேனர் செட் (வில்லியனூர்) – டிசம்பர் 20, இரவு 11.05

இருபது வருஷத்துக்கு மேலாக மெக்கானிக்காக இருக்கிறேன். அண்ணன் சொல்வது அவர் காலத்தில் சரியாக இருந்த விஷயம்தான், பொய் இல்லை. கார்பரேட்டர் வண்டிகளில் சோக் இழுத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தட்டிக்கொடுத்தால்தான் வண்டி நின்றுபோகாமல் நகரும். பழைய டீசலில் ஹீட்டர் லைட் அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் பண்ணினாலும் முதலில் கொஞ்சம் தள்ளாடும். அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்து இன்னும் போகவில்லை.

2016 வண்டியில் எல்லாம் சென்சார். இன்ஜின் எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு சூடு என்று பார்த்து டீசலை அதுவே அளந்து விடும். நமக்குத் தேவை ஆயில் மேலே ஏறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும் நேரம் மட்டும்தான். அதற்கு அரை நிமிஷம் போதும். டர்போ வண்டி என்றாலும் அதேதான். சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிபண்ணுவதற்குள் அது முடிந்துவிடும். அப்புறம் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மிதிக்காமல் மெதுவாக ஓட்டினால் இன்ஜின், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் சேர்ந்து சூடாகும். நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் கியர்பாக்ஸும் டயரும் சூடாகப் போவதில்லை.

இன்னொன்று முக்கியம். நின்றபடி ஓடும் டீசல் இன்ஜினில் சூடு ஏறவே நேரம் பிடிக்கும். சூடு போதாதபோது டீசல் முழுசாக எரியாது. எரியாத கரி ஈஜிஆர் வால்வில் (புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் வால்வு) போய் அப்பிக்கொள்ளும். என்னிடம் வரும் வண்டிகளில் ஈஜிஆரைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரி இருக்கும். விசாரித்தால் பாதிப் பேர் வண்டியை நிறுத்தி வைத்து ஓடவிடுகிறவர்கள். இன்ஜினைக் காப்பாற்ற அவர் செய்வது இன்ஜினுக்குத்தான் கேடு. இதைச் சொல்லுங்கள், வண்டியை நேசிக்கிறவர் காதில் ஏறும்.

காசுக்கணக்கும் சொல்லுங்கள். சும்மா நிற்கும் டீசல் கார் மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், தினம் அரைமணி, மாதம் 25 நாள் என்று பார்க்கும்போது ஒன்பது லிட்டருக்கு மேல் போகிறது.

ஹைவே டிரைவர் – டிசம்பர் 21, காலை 6.30

நான் மாட்டடோர், அம்பாசடர் எல்லாம் ஓட்டியவன். காலையில் பத்து நிமிஷம் ஓடவிடாமல் நான் வண்டி எடுத்ததே கிடையாது. என் வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இன்ஜின் வேலை வைத்ததில்லை. இப்போது எல்லோரும் அது தேவையில்லை என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

தவிர, இருபது நிமிஷப் புகையைப் பெரிதாகப் பேசுகிறீர்கள். கடலூரில் இருந்துகொண்டு சிப்காட் புகையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்பேனர் செட் – டிசம்பர் 21, காலை 8.10

அண்ணே, உங்கள் அம்பாசடருக்கு நீங்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அந்த வண்டி இன்று என்னிடம் வந்தாலும் அப்படியே செய்யச் சொல்வேன். நான் சொன்னது 2016 வண்டிக்கு. நம் ஊரில் மார்கழியிலும் தையிலும்கூட விடிகாலையில் 20 டிகிரி பக்கம்தான். இன்ஜினுக்கு அது குளிரே இல்லை.

ஈச்சங்காட்டுப் பையன் – டிசம்பர் 21, காலை 10.20

சிப்காட் என்று ஒருவர் எழுதியதால் சொல்கிறேன். நான் அதன் பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தவன். நாற்றம் வரும்போது "கம்பெனிப் பக்கம் இருந்தால் அப்படித்தான்" என்றுதான் எங்களிடம் சொல்வார்கள். 2004-ல் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் பயிற்சி எடுத்து, மூடிபோட்ட பக்கெட்டுக்குள் ஒரு பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசை, என்ன மாதிரி நாற்றம், யாருக்குக் கண் எரிந்தது, யாருக்கு இருமல் என்று நோட்டில் எழுதினார்கள். "நாறுது" என்று மட்டும் சொன்ன வரைக்கும் யாரும் காதில் வாங்கவில்லை. தேதியும் நேரமும் போட்டு எழுதிய பிறகு மறுத்துப் பேசுவது கஷ்டமாகிவிட்டது.

கெடிலக்கரை, ஒரு நோட்டு போடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆன நேரம், கிளம்பிய நேரம், அம்மா எத்தனை தடவை இன்ஹேலர் எடுத்தார், அவ்வளவுதான். சண்டைக்கு இல்லை. முதலில் உங்களுக்கே விஷயம் தெளிவாகத் தெரியட்டும்.

ஆவி பிடிப்பவள் (புதுச்சேரி) – டிசம்பர் 21, மதியம் 2.45

நுரையீரல் வார்டில் செவிலியர். மார்கழியில் வார்டு நிறையும், எனக்கு வருஷா வருஷம் தெரியும். விடிகாலையில் காற்று அசையாது, தரைப்பக்கம் குளிர்ந்த காற்று மூடிபோட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். கடல்காற்று பகல் ஏறித்தான் உள்ளே வரும். அதனால் 5.45-க்கு விட்ட புகை அந்த மூன்றடிச் சந்தை விட்டு எங்கும் போகாது. அதே வண்டி மத்தியானம் ஓடினால் இந்த அளவு தெரியாது.

டீசல் புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியைவிடத் தெரியாத நுண்துகள்தான் உள்ளே ஆழமாகப் போகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயைச் சுருக்கும். வீசிங் உள்ளவர்களுக்கு அது நேராகப் போய்த் தாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே டீசல் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒன்று. கதவு மூடிய ஷெட்டுக்குள், ஷட்டர் பாதி இறக்கிய போர்ட்டிகோவுக்குள், வண்டியை ஒருபோதும் ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் வருவது மாதிரி இருக்கும். அப்படியே போய்விடுவார்கள்.

அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரைச் சரியாக எடுக்கிறாரா பாருங்கள். பாதிப் பேர் வாயில் அடித்துவிட்டு உடனே விட்டுவிடுகிறார்கள். மருந்து தொண்டையோடு நின்றுவிடும். உள்ளே இழுத்துப் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். ஸ்பேசர் (இன்ஹேலரின் முனையில் மாட்டும் குழாய்) வாங்கிக் கொடுத்தால் வயதானவர்களுக்குச் சுலபம்.

புள்ளிக்கோலம் (திருப்பாதிரிப்புலியூர்) – டிசம்பர் 21, மாலை 5.20

நான் எழுத நினைத்ததை யாரும் எழுதவில்லை. சைலன்சர் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? ஒரு அடி. கோலம் போடக் குனிந்தால் என் முகம் எவ்வளவு உயரம்? அதே ஒரு அடி, இரண்டு அடி. மார்கழியில் தெரு முழுக்கப் பெண்கள் அந்த நேரத்தில்தான் வாசலில் இருக்கிறோம். எதிர்வீட்டில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போனால், சாணி தெளித்த ஈர வாசலில் மாவு பறக்கும், இழை கோணும். சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தெறித்து விழுந்த இடத்தில் கோலத்தில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும். அதைக் கையால் துடைத்துப் பாருங்கள், விரலில் கரி ஒட்டும். அதைத்தான் நாங்கள் மூச்சில் இழுக்கிறோம்.

ஓட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் தெருவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது, ஏனென்றால் அவர் உள்ளே இருக்கிறார். நான் எதிர்வீட்டு அண்ணியிடம் போய்ச் சொன்னேன், அண்ணனிடம் சொல்லவில்லை. அவரும் வாசல் தெளிக்கிறவர்தானே, உடனே புரிந்தது. அடுத்த நாளிலிருந்து நின்றது.

கோர்ட் வாசல் – டிசம்பர் 21, இரவு 8.30

சட்டம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்பார்கள், அதனால் எழுதிவைக்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 126-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பொது இடத்தில் வண்டி நிற்கும்போது, லைசென்ஸ் உள்ள ஒருவர் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகர முடியாதபடி செய்திருக்க வேண்டும். தெரு பொது இடம். ஆகவே ஆளில்லாமல் ஓடும் கார் குற்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு 177-ஆம் பிரிவின்படி முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்து 1,500 ரூபாய் வரை அபராதம். ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல்.

இவ்வளவும் சொன்னபிறகு, இதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள் என்றும் சொல்கிறேன். பக்கத்து வீட்டு வழக்குகள் எனக்குப் பழக்கம். மூன்றடிச் சந்துக்காகப் பதினைந்து வருஷம் அலைகிற குடும்பங்கள் இருக்கின்றன. நீங்கள் அவரிடம் போய்ப் பேசுங்கள்.

ஆலப்பாக்கம் – டிசம்பர் 21, இரவு 9.10

126-ஆம் பிரிவு எதற்கு இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள். நானும் அப்படி ஓடவிட்டவன்தான். ஒருநாள் காலை வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, பையை எடுக்க உள்ளே போனேன். என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. கதவைத் திறந்து ஏறி ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டான். வண்டி நியூட்ரலில் இருந்தது, எங்கள் வாசல் லேசான சரிவு. நான் வெளியே வந்தபோது கார் பின்னால் உருண்டு எதிர்வீட்டுத் தூணில் இடித்து நிற்கிறது. ஒரு நிமிஷம் முன்னால்தான் அந்த இடத்தில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி ஊற்றிக்கொண்டிருந்தார். இன்றுவரை அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்குக் கை நடுங்கும். அன்றிலிருந்து சாவி என் சட்டைப்பையை விட்டு வெளியே வந்தால் நான் சீட்டில் இருப்பேன்.

கடல்தாண்டி (லீட்ஸ், சொந்த ஊர் வண்டிப்பாளையம்) – டிசம்பர் 22, அதிகாலை 3.15

இங்கே இங்கிலாந்தில் டிசம்பர், ஜனவரியில் தெரு முழுக்க இதுதான். கண்ணாடியில் பனி உறைந்து கல் மாதிரி ஒட்டியிருக்கும். அதனால் வண்டியை ஓடவிட்டு, ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, உள்ளே போய் டீ குடிப்பார்கள். அதற்கும் இங்கே தடை உண்டு. நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 123-ஆம் விதி, பொதுச் சாலையில் நிற்கும் வண்டியை ஆளில்லாமல் ஓடவிடக் கூடாது என்கிறது. அப்படி நிற்கும் வண்டியைத் திருடன் ஓட்டிக்கொண்டு போய்விடுவதும் இங்கே குளிர்காலத்தில் வழக்கமாக நடப்பது. சாவி உள்ளே இருந்தது என்றால் இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் தரத் தயங்குவார்கள். நான் சுரண்டியால் ஐந்து நிமிஷம் சுரண்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். கடலூரில் சுரண்டப் பனியே இல்லை. இதையும் அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள்.

கெடிலக்கரை – டிசம்பர் 29, இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. ஈச்சங்காட்டுத் தம்பி சொன்னபடி நோட்டு போட்டேன். ஏழு நாள் எழுதினேன். ஐந்து நாள் வண்டி ஓடியது, குறைந்தது 22 நிமிஷம், அதிகம் 31 நிமிஷம். அந்த ஐந்தில் நான்கு நாள் அம்மா எட்டு மணிக்குள் இன்ஹேலர் எடுத்தார். கிறிஸ்துமஸ் லீவும் ஞாயிறும் வண்டி எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் மத்தியானம்வரை எடுக்கவில்லை. ஏழு நாள் கணக்கு எதையும் நிரூபிக்காது என்று தெரியும். ஆனால் நான் பார்த்தது அதுதான்.

நேற்று சாயங்காலம் போனேன். அம்மா முதலில் வேண்டாம் என்றார். அப்புறம், "போறதுன்னா நானும் வரேன், நீ ஒருத்தனாப் போனா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்" என்று கூடவே வந்துவிட்டார். ஸ்பேனர் செட் சொன்ன ஈஜிஆர் விஷயத்தை முதலில் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். நோட்டை நான் நீட்டவே இல்லை. அம்மாதான், "தம்பி, காலையில ஜன்னலுக்குப் புடவை அடைக்கிறேன்ப்பா, அதான் சொல்ல வந்தோம்" என்றார். அண்ணன் எழுந்து எங்கள் வீட்டுக்கே வந்து அந்த அறையைப் பார்த்தார். புடவையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வெளிப்பக்கம் இருந்த மடிப்பு கறுத்திருந்தது.

அப்புறம்தான் விஷயம் வந்தது. போன வருஷம் ஒரு ராத்திரி அவர் அப்பாவுக்கு நெஞ்சு வலி. காரை எடுக்கப் போனால் செல்ஃப் டிக் டிக் என்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. தெருமுனைக்கு ஓடி, ஆட்டோ பிடித்து, ஜி.எச். போக முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. அப்பா பிழைத்துவிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பாராம், சார்ஜ் ஏறட்டும் என்று விட்டுவைப்பாராம். "இன்ஜின் சூடுன்னு சொல்றது சும்மா தம்பி, எனக்குப் பயம்" என்றார்.

இதற்கு நான் என்ன சொல்வேன்? ஸ்பேனர் செட் அண்ணா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்பேனர் செட் – டிசம்பர் 29, இரவு 11.30

அவரிடம் சொல்லுங்கள், பயம் நியாயமானது, வழிதான் தப்பு. வண்டி சும்மா நிற்கும்போது டைனமோ மெதுவாகச் சுற்றும், சார்ஜ் குறைவாகத்தான் ஏறும். ஸ்டார்ட் பண்ணும்போது இழுத்த கரண்டைத் திருப்பி வைத்து, அதற்கு மேல் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். நெய்வேலி போய் வருவதிலேயே பேட்டரிக்குத் தேவையானது ஏறிவிடும். அப்படியும் ஏறவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில்.

இப்படிப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணிய பிறகு 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால் டைனமோ சரி. பேட்டரிக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருஷம்தான். குளிரைவிட வெயில்தான் பேட்டரியைக் கொல்லும். எல்லாவற்றுக்கும் முன்னால் பானெட்டைத் திறந்து, பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதுவே போதும், வண்டி டிக் டிக் என்று நிற்க.

ஹைவே டிரைவர் – டிசம்பர் 30, காலை 6.15

அப்பாவுக்காகப் பயந்து செய்தார் என்றதும் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. கெடிலக்கரை, முதலில் நான் எழுதியதை மனசில் வைக்காதீர்கள். ஒரு ஜம்பர் கேபிள் வாங்கி அவர் டிக்கியில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். ராத்திரியில் எந்த வண்டி அகப்பட்டாலும் ஐந்து நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆகும். 108 நம்பரை அப்பா கட்டில் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை – ஜனவரி 11, இரவு 8.40

தாமதத்துக்கு மன்னிக்கவும். பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. ஒரு டெர்மினல் முழுக்கப் பச்சையாகப் பூத்து, கிளாம்பைக் கையால் தொட்டாலே ஆடியது. பேட்டரிக்கு ஐந்து வயது. மீட்டர் 12.1 காட்டியது. புது பேட்டரி மாற்றியாகிவிட்டது. ஜம்பர் கேபிள் நான் வாங்கிக் கொடுத்தேன், காசு கொடுக்க வந்தார், வாங்கவில்லை.

இப்போது 6.10-க்கு டிபன் பாக்ஸோடு வந்து, ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, கிளம்பிவிடுகிறார். நடுவில் ஒருநாள் பழக்கதோஷத்தில் 5.50-க்கு ஸ்டார்ட் பண்ணிவிட்டார். அவர் அப்பா உள்ளேயிருந்து சத்தம் போட்டு நிறுத்த வைத்தார். தெருமுனையில் ஸ்கூல் வேன் ஒன்று கால் மணி நேரம் ஓடிக்கொண்டு நிற்கிறது. அந்த டிரைவரிடம் அண்ணனே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா புடவையைத் துவைத்துப் போட்டுவிட்டார். ஜன்னலை இன்னும் திறக்கவில்லை, பனி போகட்டும் என்கிறார்.

ஸ்பேனர் செட் – ஜனவரி 11, இரவு 9.25

சந்தோஷம். கிளாம்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் வாசலின் தடவி முடுக்கச் சொல்லுங்கள். மறுபடி சீக்கிரம் பூக்காது.